இடது ஓரத்துக் குரல்

சட்டைக் காலரைப் பிடித்து ஒருவர் உலுக்கும்போது, எதற்காக உலுக்குகிறார் என்று தெரிந்தால் மன்னிப்பாவது கேட்கலாம். ஒன்றும் புரியாவிட்டால் என்ன செய்வது? அசோகன் மலங்க மலங்க விழித்தான்.

"யார் சொல்லிக் கொடுத்தது உனக்கு?" என்று இரைந்தார் கோச் வால்டர் கில்கிறிஸ்ட். "அந்தப் பெயரை யார் சொன்னது?"

"எந்தப் பெயர், சார்?"

"இப்போது கூப்பிட்டாயே!"

"நான் யாரையும் கூப்பிடவில்லையே!"

அவன் கண்களையே கொஞ்ச நேரம் பார்த்தார் வால்டர். பொய் சொல்கிற கண் அல்ல அது. அதைப் பார்த்த பிறகு அவர் கோபம் தணிந்திருக்க வேண்டும். தணியவில்லை, பயமாக மாறியது. பிடி தானாக விட்டுப்போயிற்று. முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"போ. இனிமேல் இந்தப் பக்கம் வராதே" என்று சொல்லிவிட்டு, விசிலைக் கழற்றி யாரோ ஒருவன் கையில் திணித்துவிட்டு, ஆற்றோரப் புல்வெளியைத் தாண்டி நடந்தே போய்விட்டார்.

1968 நவம்பர். ஜெர்மனியில் எர்லாங்கன் நகரத்துக்கு வெளியே, ரெக்னிட்ஸ் ஆற்றை ஒட்டிய கால்பந்து மைதானம். அசோகன் பெரம்பூர் ரயில்வே காலனிப் பிள்ளை. மின்சாதனக் கம்பெனியின் ஆராய்ச்சிக் கூடத்தில் இன்ஜினீயராக வந்து இரண்டு குளிர்காலம் ஆகியிருந்தது. ஆராய்ச்சிக் கூடத்தில் அவன் 'அந்த இந்தியர்'. இந்த மைதானத்தில் மட்டும் அவன் இடது விங். பந்து காலில் இருக்கும்போது யாரும் அவனை எந்த ஊர் என்று கேட்பதில்லை. அந்த ஒரு சுகத்துக்காகவே வாரம் பூராவும் குளிரைப் பொறுத்துக்கொண்டிருந்தான். அதிலும் இப்போது மண் விழுந்தது.

அப்படி என்னதான் நடந்துவிட்டது? ஒன்றுமில்லை. அன்று சனிக்கிழமை மதியப் பயிற்சி. அவன் நண்பன் உமாபதி உயரமாக ஒரு பந்தைத் தூக்கிப் போட்டான். அசோகன் தலையால் முட்டினான். பந்து கோலுக்குப் பதில் ஆற்றைப் பார்த்துப் போயிற்று.

"மறுக்கா போடட்டாலே?" என்று கத்தினான் உமாபதி. பல்கலைக்கழகத்தில் பௌதிக ஆராய்ச்சி செய்கிறவன்; ஊர் கோவில்பட்டி.

"அது இன்னாடா மறுக்கா? குறுக்கா, நெடுக்கா மாதிரியா?"

"வெளங்காத பயலே, இன்னொரு தடவை போடட்டான்னு கேட்டேன்."

"அப்படித் தமிழ்ல சொல்லு. போடு, போடு! இன்னொரு வாட்டி! டேய், இன்னொரு வாட்டி!"

அவ்வளவுதான். நடு மைதானத்தில் இந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற வால்டர் சுடப்பட்டவர் மாதிரித் திரும்பினார். ஓடிவந்தார். காலரைப் பிடித்தார்.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இருவரும் திரும்பினார்கள்.

"அந்தாளுக்கு மூளை கலங்கிட்டுன்னு கிளப்புல பேசிக்கிடுதாங்க" என்றான் உமாபதி. "போன வாரமும் பாதியில நின்னுட்டாரு. யாரோ கூப்பிட்ட மாதிரி ஓரத்தையே பாத்துக்கிட்டு நின்னாரு."

"என்னை ஏன்டா புடிச்சாரு? பக்கத்துல நீயுந்தானே கத்திக்கிட்டிருந்த?"

"உன் மூஞ்சி அப்படி. கோவில்பட்டிக்காரனைத் தொடுவாரா? ஹாக்கி மட்டைன்னா நமக்குப் பொறந்ததுலேருந்து பழக்கம்."

அசோகன் சிரிக்கவில்லை. இரவெல்லாம் யோசித்தான். என்ன தப்பு என்று தெரியாமலே மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று தீர்மானித்தான். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மதியம் வால்டர் வீட்டு மணியை அடித்தான்.

கதவைத் திறந்தவள் அவர் மனைவி ஹெட்விக். ஜெர்மன்காரி, ஐம்பதை நெருங்கும் வயது. அழுது துடைத்த கண்கள். அவர் மீன்குளத்துப் பக்கம் நடக்கப் போயிருப்பதாகச் சொன்னாள். யார் என்று கேட்டாள். பெயரைச் சொன்னதும் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போய்ச் சமையலறையில் உட்காரவைத்தாள்.

"உங்களிடம் அவர்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும். 'அந்தப் பையன் ஒன்றும் சொல்லவில்லை ஹெட்விக், அவன் கண்ணிலேயே தெரிந்தது. என் மண்டைக்குள்தான் கேட்கிறது' என்றார். நாளைக்குக் காலையில் மனநோய் பார்க்கும் நரம்பு மருத்துவமனையில் தானாகவே போய்ச் சேரப்போகிறார். பெட்டிகூடக் கட்டிவிட்டார்."

"மருத்துவமனையிலா?"

"அங்கே போய்ப் படுத்துவிட்டால் பிறகு எந்தக் கிளப் அவரிடம் பந்தைக் கொடுக்கும்? பந்து இல்லாவிட்டால் அவர் உயிரோடு இருந்து என்ன? எனக்கு அதுதான் பயம்" என்று சொல்லி, காபியை ஊற்றியபடியே கதையையும் ஊற்றினாள்.

வால்டர் கில்கிறிஸ்ட் பிறந்தது ஸ்காட்லாந்தில், கார்ன்பிரே என்ற நிலக்கரி ஊரில். பள்ளியை முடித்ததும் சுரங்கத்தில் இறங்கியவர். கூடவே இறங்கியவன் டேவி லேர்ட். மேலே வந்ததும் கரி படிந்த முகத்தைக்கூடக் கழுவாமல் இருவரும் பந்து விளையாடுவார்கள். யுத்தம் முடிந்ததும் ஊர்க் கிளப் இருவரையும் சேர்த்தே எடுத்துக்கொண்டது. டேவி இடது ஓரம். வால்டர் அவனுக்கு உள்பக்கம். ஒரே நுகத்தடியில் பூட்டிய மாடுகள் மாதிரி. வால்டர் பந்தை எங்கே விடுவார் என்று டேவிக்குத் தெரியும். டேவி எங்கே ஓடுவான் என்று வால்டருக்கு. திரும்பிப் பார்த்தே பந்தைக் கொடுத்ததில்லை. பின்னாலிருந்து டேவியின் குரல் வரும், பந்து போகும். ஊர் ஜெயித்தது. கிளாஸ்கோவின் பெரிய மைதானத்தில், கடலாகக் கூடிய கூட்டத்தின் முன்னால், தேசிய அணிக்கு வால்டர் ஒருமுறை ஆடினார். அடுத்த முறை டேவியையும் எடுப்பார்கள் என்று பேச்சு.

"அதற்குள் அந்த மழைநாள் வந்தது" என்றாள் ஹெட்விக். "அந்தக் காலத்துப் பந்து தோல் பந்து. நனைந்தால் பாறாங்கல். டேவி அதைத் தலையால் முட்டப் போனபோது எதிரணிக்காரன் தலை வந்து மோதியது. விழுந்தான். எழுந்தான். அந்த நாளில் ஒருவனுக்குப் பதில் இன்னொருவனை இறக்கும் வழக்கம் கிடையாது. காயம்பட்டவன் ஓரத்தில் போய் நிற்பான். நின்றாலே போதும், கணக்குக்கு ஆள் இருக்கும். டேவியும் நின்றான். ஆனால் சும்மா நிற்கவில்லை. பந்து கேட்டுக் கேட்டு இவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான்."

"இவர்?"

"கொடுக்கவில்லை. பாவம், தள்ளாடுகிறவனை ஓடவைப்பானேன் என்று கொடுக்கவில்லை. பாதி ஆட்டம் பூராவும் அவன் கூப்பிட்டான். இவர் திரும்பவே இல்லை. விசில் ஊதியதும் டேவி உள்ளே வந்து, பூட்ஸைக் கழற்றாமல் பெஞ்சில் படுத்தான். பிறகு எழுந்திருக்கவில்லை."

காபிப் பாத்திரத்தை மேசையில் வைத்துவிட்டு ஹெட்விக் தொடர்ந்தாள்.

"அதன்பிறகு ஆட்டத்துக்கு ஆட்டம் அந்தக் குரல் இவருக்குக் கேட்டது. திடீரென்று பந்தை இடது ஓரத்துக்கு அனுப்புவார்; அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். ஜனங்கள் முதலில் பரிதாபப்பட்டார்கள். அப்புறம் சிரித்தார்கள். கிளப் இவரை வேறொரு கிளப்புக்கு விற்றது. வாங்கிய கிளப்பும் விற்றது. கடைசியில் கோச்சாக எங்கள் நாட்டுக்கு வந்தார். வந்த நாளிலிருந்து குரல் இல்லை. ஏன் தெரியுமா? டேவி இவரைக் கூப்பிடும் செல்லப் பெயர் எங்கள் ஜனங்களுக்கு வாயிலேயே நுழையாது. பல்லை உதட்டில் வைத்து வேறு மாதிரி ஆக்கிவிடுவோம். 'என் பெயரைச் சொல்லத் தெரியாத ஊரில்தான் எனக்குத் தூக்கம் வருகிறது' என்பார். எனக்கே அந்தப் பெயரைச் சொல்ல அனுமதி இல்லை. இந்த வருஷம் பனிமூட்டம் ஆரம்பித்ததும் குரல் திரும்ப வந்துவிட்டது."

"என்ன பெயர் அது?"

ஹெட்விக் தயங்கினாள். வாசலை ஒருமுறை பார்த்தாள். உதட்டைக் குவித்துக் கஷ்டப்பட்டுச் சொன்னாள்.

"வாட்டி."

அசோகன் சிரித்துவிட்டான். அந்த வீட்டில், அந்த நேரத்தில், பெரிய சிரிப்பு. ஹெட்விக் முகம் கறுத்தது. அவன் பதறிப்போய் எழுந்தான். "அம்மா, மன்னியுங்கள். அவருக்குப் பைத்தியம் இல்லை. ஒன்றுமே இல்லை! குளம் எந்தப் பக்கம்?"

அந்த வட்டாரத்தில் இலையுதிர் காலம் வந்தால் மீன்குளங்களைத் திறந்துவிட்டுக் கெண்டைகளை அள்ளிவிடுவார்கள். தண்ணீர் வடிந்து வெறும் கருஞ்சேறாகக் கிடந்த குளத்தின் கரையில் வால்டர் நின்றிருந்தார். சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினான் அசோகன்.

"சார், நேற்று நான் கூப்பிட்டது உண்மைதான். ஆனால் உங்களை அல்ல."

வால்டர் ஒரு அடி பின்வாங்கினார்.

"எங்கள் பாஷையில் அது ஒரு சாதாரணச் சொல் சார். வாட்டி என்றால் தடவை. ஒரு வாட்டி என்றால் ஒரு தடவை. இன்னொரு வாட்டி என்றால் மறுபடியும் ஒரு தடவை. நான் உமாபதியிடம் பந்தை மறுபடி போடச் சொன்னேன். அவ்வளவுதான்!"

அவர் நம்பவில்லை. நம்பத் தைரியம் இல்லை என்பதுதான் சரி. "அக்கரைக்குப் போ" என்றார் கடைசியில். "அங்கிருந்து சொல்."

அசோகன் வரப்பைச் சுற்றிக்கொண்டு எதிர்க்கரைக்குப் போனான். வால்டர் முதுகைக் காட்டி நின்றார். பெரம்பூர் மைதானத்தில் கத்துகிற மாதிரி அடிவயிற்றிலிருந்து கத்தினான்:

"இன்னொரு வாட்டி!"

அந்த அகன்ற முதுகு நடுங்கியது. பிறகு கை உயர்ந்தது. மறுபடியும் என்று சைகை.

"ஒரு வாட்டி! ரெண்டு வாட்டி! ஒவ்வொரு வாட்டியும்!"

அவன் திரும்பி வந்தபோது வால்டரின் முகம் முழுக்க ஈரம்; ஆனால் வாய் சிரித்துக்கொண்டிருந்தது. "அட கடவுளே! என் பெயரைச் சொல்லாமல் உங்கள் நாட்டில் எதையும் எண்ணவே முடியாதா?"

"கஷ்டம்தான் சார்."

தோளில் கைபோட்டுக்கொண்டு நடந்தார். பெட்டியைப் பிரித்துவிடச் சொல்லப்போவதாகச் சொன்னார். ஹெட்விக்கிடம் இரவு கோழி அடிக்கச் சொல்லலாம் என்றார். வரப்பு முடிகிற இடத்தில் சட்டென்று நின்றார்.

"ஒன்றே ஒன்று. முதல்முதலாகக் கேட்ட நாள். இந்த வருஷத்து முதல் பனிமூட்டம் இறங்கிய புதன்கிழமை. ஆற்றோரத்து மூலையில், என் முதுகுக்குப் பின்னால் கேட்டது. அதுவும் நீதானே?"

அசோகனுக்குச் சட்டென்று நினைவு வந்தது. அந்த வாரம் முழுக்க அவன் கார்ல்ஸ்ரூஹேயில் இருந்தான். கம்பெனி வேலையாகப் போய் ஞாயிறன்றுதான் திரும்பினான். சரி, உமாபதி கத்தியிருப்பான். யார் கத்தினால் என்ன? அவர் கண்கள் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன. ஒரு சொல்லில் ஒரு மனுஷனின் பெட்டி பிரிபடும் என்றால் அதைச் சொல்ல என்ன தயக்கம்?

"ஆமாம் சார். நான்தான்."

மறுநாள் மதியம் உமாபதியைக் கம்பெனி வாசலுக்கு வரவழைத்தான். நடந்ததையெல்லாம் சொன்னான். உமாபதி விழுந்து விழுந்து சிரித்தான்.

"அந்த மொத நாளு மட்டும் நான் ஊர்ல இல்ல. நீதானே மச்சி கத்துன?"

உமாபதியின் சிரிப்பு நின்றது.

"என்னைக்கு? அந்தப் பனி அன்னைக்கா? நாங்க போனதும் பனி எறங்கிட்டு. பத்து நிமிசத்துல எல்லாரையும் வீட்டுக்குப் போவச் சொல்லிட்டாரு. நான் வாயவே தொறக்கல."

"நல்லா யோசி. ஒரே ஒரு வாட்டி…"

"ஏலே கிறுக்கா, எனக்கு அந்தச் சொல்லு வருமால? தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் மறுக்கான்னுதான் வரும். எங்க ஊர்லயே எவனும் சொல்ல மாட்டான்."

கிளப்பில் வேறு தமிழன் கிடையாது.

தொழிற்சாலைச் சங்கு ஊதியது. கூட்டம் கூட்டமாகச் சைக்கிள்கள் அவர்களைச் சுற்றிக்கொண்டு போயின.

"போய் நிசத்தச் சொல்லிரு" என்றான் உமாபதி தாழ்ந்த குரலில்.

"சொன்னா நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிடுவாரு."

"சொல்லாட்டி?"

அன்றே சொல்லிவிடலாம் என்று பார்த்தால், சாயங்காலம் வால்டர் சீட்டியடித்துக்கொண்டு வந்தார். ஜெர்மன் பையன்களுக்கெல்லாம் தமிழ் எண்ணிக்கை சொல்லிக் கொடுத்தார். "ஒரு வாட்டி! ரெண்டு வாட்டி!" என்று பயிற்சி மைதானமே அதிர்ந்தது. ஹெட்விக் ஆப்பிள் கேக் கொடுத்தனுப்பியிருந்தாள். அந்தக் கேக்கை வாயில் வைத்துக்கொண்டு எந்த உண்மையைச் சொல்வது? நாள் தள்ளிப்போயிற்று. தள்ளிப்போன ஒவ்வொரு நாளும் அந்த 'ஆமாம்' அவன் மார்பில் இன்னும் கொஞ்சம் கனத்தது.

மாதக் கடைசியில் பக்கத்துக் கிராமத்து அணியோடு ஒரு நட்பு ஆட்டம். காய்ச்சல் சீசன், பாதிப்பேர் படுக்கையில். ஆள் போதவில்லை.

"நானே இறங்குகிறேன்" என்றார் வால்டர். இந்த நாட்டுக்கு வந்தபின் அவர் ஆட்டத்தில் இறங்கியதில்லை. நாற்பத்தைந்தைத் தாண்டிய உடம்பு. ஆனால் பூட்ஸைக் கட்டிக்கொண்டு நடந்து வந்தபோது பத்து வயது உதிர்ந்திருந்தது. எங்கே நிற்பார் என்று யாரும் கேட்கவில்லை. இடது உள்பக்கம். ஓரத்தில் அசோகன்.

மதியமே பனி இறங்கத் தொடங்கியிருந்தது. எதிர்க் கோல் கம்பம் மங்கி, ஆற்றோரத்து மூலை அடியோடு மறைந்துவிட்டது. ஆட்டம் சுமாராகப் போயிற்று. வால்டருக்குக் கால் மெதுவாகிவிட்டாலும் பந்து சொன்னபடி கேட்டது. எல்லாப் பந்தையும் நடுவிலும் வலப்புறமும்தான் கொடுத்தார். இடப்பக்கம் ஒன்றுகூட வரவில்லை. அசோகன் கைகளை உரசிக்கொண்டு எல்லைக் கோட்டை ஒட்டி நின்றான்.

அப்போதுதான் கேட்டது.

"வாட்டி!"

அசோகனின் இடத்தோளுக்குப் பின்னாலிருந்து வந்தது. அங்கே எல்லைக் கோடும், அதற்கப்பால் பனியும் மட்டும்தான். இளம் குரல். உரிமையோடு அவசரப்படுத்துகிற குரல். பந்து கேட்கிறவன் குரல் எந்த நாட்டிலும் ஒன்றுதான். அதில் சந்தேகமே இல்லை. அசோகனின் பிடரி மயிர் குத்திட்டு நின்றது. கால்கள் ஓடச் சொல்லின.

நடுவில் வால்டர் பந்தோடு நின்றுவிட்டார். தலை மெல்லத் திரும்பியது. கண்கள் அசோகனைத் தேடிப் பிடித்தன. அன்று காலரைப் பிடித்தபோது இருந்த அதே பயம் அந்தக் கண்களின் அடியில் புரளத் தொடங்கியிருந்தது. மேலே வரவில்லை, இன்னும் வரவில்லை. அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், வாயைத் திறக்காமலே. நீதானே?

எதிரணிக்காரன் ஒருவன் அவர்மேல் பாய்ந்துகொண்டிருந்தான்.

அசோகன் கையைத் தூக்கினான்.

உயர, நன்றாகத் தெரியும்படி தூக்கினான். நான்தான் என்று.

வால்டரின் முகம் விரிந்தது. எத்தனையோ வருஷமாக எந்தப் பக்கம் உதைக்க அஞ்சினாரோ அந்தப் பக்கம், இடது ஓரத்துக்கு, நீளமாக, அழகாக ஒரு பந்தை விட்டார். அசோகனைத் தாண்டி, அவனுக்குப் பின்னால் எல்லைக் கோட்டை நோக்கி உருண்டது அது. வெளியே போய்விடும் என்றுதான் நினைத்தான். கோட்டின்மேல் போய் நின்றது. யாரோ காலால் மிதித்து நிறுத்தியது போல நின்றது. சேற்றில் பந்து நிற்கத்தான் செய்யும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஓடினான். எடுத்தான். யோசிக்காமல் கோல் வாய்க்குத் தூக்கினான். உமாபதி எங்கிருந்தோ வந்து முட்டினான். கோல்!

வால்டர் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு ஓடிவந்து அசோகனை அள்ளி எடுத்தார். "கேட்டது! உன் குரல் நன்றாகக் கேட்டது!" என்றார். அவர் நெஞ்சு அவன் காதில் திடுதிடுவென்று அடித்தது.

இடைவேளை விசில் ஊதியது. உமாபதி அவனைத் தனியே தள்ளிக்கொண்டு போனான்.

"ஏலே, கூப்பிட்டது நீயா?"

"ஆமா."

"பொய் சொல்லாத. நான் உன்னையேதான் பாத்துக்கிட்டிருந்தேன். உன் வாய் மூடிக் கெடந்துச்சு."

"நான்தான்டா கூப்பிட்டேன்!" என்று கத்தினான் அசோகன். கத்திய வேகத்தில் அவன் குரலே அவனுக்கு வேறு யாருடையதோ போலக் கேட்டது. உமாபதி நண்பன் தோளில் கையை வைத்து ஒருமுறை அழுத்திவிட்டு விலகிப்போனான்.

இரண்டாவது பாதியில் இரண்டு அணிகளும் பக்கம் மாறின. அசோகனுக்கு அதில் கொஞ்சம் ஆறுதல். ஆற்றோரத்து மூலை இனி எதிராளியின் தலைவலி. அவன் நிற்க வேண்டியது ரோட்டோரம். அங்கே ஹெட்விக்கும் இன்னும் நாலைந்து பேரும் குடையோடு நின்றிருந்தார்கள். மனித மூச்சின் ஆவி தெரிந்தது. அவர்களுக்குப் பக்கத்தில் போய் நின்று, நெஞ்சை நிமிர்த்தி மூச்சு விட்டான்.

ஆட்டம் தொடங்கியது. பந்து வால்டரின் காலுக்கு வந்தது.

இடது விங்குக்கு எந்தப் பக்கம் மாறினாலும் இடது இடதுதான்.

"வாட்டி!"

கொஞ்சம் கெஞ்சலாக, இந்தத் தடவை இன்னும் கிட்டத்தில். ஹெட்விக்கின் குடை நடுங்கியது. வால்டர் திரும்பினார்.

அசோகன் பல்லைக் கடித்துக்கொண்டு கையைத் தூக்கினான்.